ரேடியோவை எரித்த கருப்பையன்

சைகோனிலும் பிரெஞ்சுக்காரன், காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரன். அதனால் கப்பலில் வந்த ரேடியோவின் இரண்டு உருண்டைப் பின்களும் காரைக்கால் வீட்டுச் சுவர் ஓட்டைகளுக்குள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உரிமையோடு போய் உட்கார்ந்துகொள்ளும். வேறு ஊராக இருந்தால் பின் சேராது; சேராத இடத்தில் மனிதன் கொஞ்சம் நின்று யோசிப்பான். நம் ஊருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐம்பத்து நாலில் கொடி மாறியது, சுவரில் இருந்த ஓட்டை மாறவில்லை.

நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து ஒயர்மேன் வேலை பார்த்த கருப்பையனும் இந்த ஊர்க்காரன்தானே. ஐம்பத்தைந்து தை மாதத்தில் உம்மு சல்மா வீட்டு ரேடியோவை அவன்தான் மாட்டினான். அவள் கணவர் முத்து முகம்மதுக்குச் சைகோனில் ஜவுளிக்கடை. அங்கே நிலவரம் சரியில்லை என்று மனைவியையும் சாமான்களையும் முன்னால் அனுப்பிவிட்டு, கடையை ஏறக்கட்ட அவர் மட்டும் தங்கியிருந்தார். கடிதம் வர ஒரு மாதம் ஆகும், ரேடியோவில் செய்தி அன்றைக்கே வரும். உம்மு சல்மாவுக்கு அந்தப் பெட்டி பாட்டுக் கேட்க அல்ல.

கருப்பையன் பின்னைச் சொருகி, ரேடியோவின் குமிழைத் திருகினான். ரேடியோவுக்குள் இருந்த விளக்கு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அடுத்த நிமிடம் புகை. சுவரில்கூட உள்ளங்கை அகலத்துக்குக் கரி பிடித்துவிட்டது.

கூடியிருந்த சொந்தக்காரர்களே அவனுக்கு வழி விட்டார்கள். கப்பலில் உப்புக்காற்று பட்டிருக்கும், பெட்டி அங்கேயே கெட்டிருக்கும் என்றார் ஒரு பெரியவர். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நம்மில் பத்தில் ஒன்பது பேர் ஆட்டிவிட்டுச் சைக்கிள் ஏறியிருப்போம். கருப்பையன் திரைக்குப் பின்னால் நின்ற உம்மு சல்மாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"உப்புக்காத்து இல்லம்மா. நான் பாக்காம மாட்டிட்டேன். எரிச்சது என் கைதான்."

அவள் ஒரு சொல் திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் வலித்தது. எரிந்த பெட்டியை எடுத்துப் போய், ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள்.

வீட்டில் வைத்துப் பிரித்தான். பின்பக்கத் தகட்டில் பிரெஞ்சில் என்னென்னவோ இருந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே: 110. நம் ஊர் பல்பில் இருப்பது 220. ஒரு படி அரிசி வேகும் பானையில் இரண்டு படியைப் போட்டிருக்கிறான். தகடு முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. பின் பொருந்திவிட்டதால் யாரும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஊர் அவனுக்கு 'ரேடியோ சுட்டான்' என்று பேர் வைத்தது. வேலைக்குக் கூப்பிடுவார் இல்லை. கருப்பையன் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஒரு பலகையில் வரிசையாகப் பல்பு மாட்டினான். கரண்டு முதலில் பல்புக்குள் புகுந்து, பாதியை அங்கே இறக்கிவிட்டு, மீதியோடுதான் அடுத்த சாமானுக்குப் போகவேண்டும். யாரோ தூக்கிப்போட்ட சைகோன் மேசை விளக்கை வைத்துச் சோதித்துச் சோதித்து, பல்பு கூடக் கூட வழி கூடும், அடுத்த சாமானுக்குக் கரண்டும் கூடும்; எத்தனை பல்புக்கு எவ்வளவு வருகிறது என்று கைப்பழக்கமாக்கிக்கொண்டான்.

வைகாசியில் உம்மு சல்மாவின் அண்ணன் காஜா மைதீன் சைகோனிலிருந்து இன்னொரு ரேடியோவோடு வந்து இறங்கினார். கப்பலில் வந்தவரின் பெட்டியை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சொந்தமெல்லாம் கூடிய பிறகுதான் திறப்பது அந்த வீட்டு வழக்கம். திறந்ததெல்லாம் அன்றைக்கே ஓடிக் காட்டவும் வேண்டும். வேறு ஒயர்மேனுக்குச் சொல்லிவிடலாம் என்றார் காஜா மைதீன். தங்கை ஒப்பவில்லை.

"வேண்டாம் காக்கா. எரிச்சவனுக்குத்தான் எது எரிக்கும்னு தெரியும். அவனையே கூப்பிடுங்க."

கருப்பையன் பலகையோடு வந்தான். முதலில் ரேடியோவைத் திருப்பித் தகட்டைப் பார்த்தான். 110. கரி பிடித்த அதே சுவர் ஓட்டையில் பலகையின் பின்னைச் சொருகினான். ஒரு பல்பு எரிந்தது, ரேடியோ வாய் திறக்கவில்லை. ரேடியோ கேட்கக் கூப்பிட்டால் விளக்கேற்றுகிறானே என்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. இரண்டாவது பல்பையும் திருகினான். ரேடியோவின் முகத்தில் மங்கலாக ஒரு சிவப்பு வந்தது. இதுவும் எரிந்தால் அவளுக்குச் செய்தியும் இல்லை, தனக்கு இந்த ஊரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூன்றாவதைத் திருகினான்.

பல்புகள் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் மங்கலாக எரிந்தன. கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு ஒரு குரல் தெளிவாகக் குறுவை நாற்றங்காலுக்கு எரு வைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நாற்றங்காலுக்காக எந்தப் பெண்ணும் உம்மு சல்மா மாதிரி அழுதிருக்க மாட்டாள். அன்று மாலைச் செய்தியில் சைகோன் பெயர் வந்தது, அங்கே சண்டை தணிந்தது என்றும் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டில் அந்தப் பலகை ஏறி இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் வேலையைத் தொடங்குமுன் உம்மு சல்மா வீட்டு ரேடியோவை எரித்த கதையை அவனே சொல்லிவிடுவான். தன் தப்பைத் தானே சுமந்துகொண்டு வீடு வீடாகப் போன மனிதனை இந்த ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஆவணியில் முத்து முகம்மது நல்லபடியாக வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது, சொந்தமெல்லாம் கூடியாயிற்று, பெட்டியின் கயிற்றை மட்டும் யாரும் தொடவில்லை. நெரவிச் சாலையில் கருப்பையனின் சைக்கிள் பஞ்சர். ஒரு மணி நேரம் பொறுத்த முத்து முகம்மது, இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று மனைவியிடம் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான்," என்றாள் உம்மு சல்மா. "நம்ம ரேடியோவை எரிச்ச தம்பி வந்துடட்டும்."