ரசமட்டம் அக்காவும் மூன்று மில்லிமீட்டரும்

எங்கள் பட்டறையில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. விமானத்தின் அலுமினியத் தகடுகளுக்கு ஒட்டுப்போடுகிறவன் என்பதால் நான் தகரம். எங்கள் மூத்த மெக்கானிக் அக்கா, ரசமட்டம். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக்குள் குமிழி ஓடும் கட்டை, அதில் சின்னதாக ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். முதல் தடவை அவர் காதுபடக் கூப்பிட்டபோது, "தகரத்துக்கு வேற என்ன தோணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி எங்களுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானங்கள் மூன்று இருந்தன. அக்கா கையெழுத்துப் போடாமல் அவற்றின் சக்கரம் ஓர் அடி உருளாது. ஒரு திருகாணிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு காத்திருப்பேன். புது வீட்டுக்கு மாறியபோது ஒரு மரியாதைக்கு அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் உட்காரும் முன்பே சமையலறை அலமாரியைப் பார்த்து, "வலது பக்கம் இறங்கியிருக்கே" என்றார். அன்று முழுக்க என் மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அலமாரியை அடித்தது நான் என்பதால்.

அப்படிப்பட்ட மனுஷிக்கு உலகத்தில் ஒரே ஒரு பலவீனம், அவருடைய அண்ணன். நாங்கள் கேப்டன் என்போம். அப்பா இறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு. எங்கள் பள்ளி மைதானத்திலேயே விமானம் கழுவி, பெட்ரோல் ஊற்றி, பிறகு ஓட்டக் கற்று, கடைசியில் தலைமைப் பயிற்சியாளரானவர் அவர். தங்கையை மெக்கானிக் படிப்பில் சேர்த்தபோது, பெண்பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். "திருப்பத்தான்" என்றாராம் கேப்டன். அக்காவின் கணவர் தவறிப்போன பிறகு தன் வீட்டு மாடியிலேயே அவரைக் குடிவைத்துக்கொண்டதும் அவர்தான்.

அந்த வருஷம் கேப்டனுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டாம் நம்பர் விமானம் மேலே ஏறும்போது இடது பக்கம் இழுக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கேப்டனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் மேல ஏறியாச்சு" என்றார். இரண்டு வாரத்தில் இந்த இழுப்பு பள்ளி மேலாளர் காதுக்குப் போனது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். மூக்கில் சுழலும் புரொப்பெல்லர், விமானம் ஏறும்போது அதை இடது பக்கம் திருப்பப் பார்க்கும். அதனால் அந்த விமானத்தை வடிவமைத்தவர்கள் என்ஜினையே கொஞ்சம் வலது பக்கம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள், இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. மிச்ச இழுப்பை ஓட்டுகிறவர் வலது காலால் பெடலை அழுத்திச் சமாளிப்பார். என்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் நாள்பட்டால் நசுங்கும். என்ஜின் பார்க்கும் திசை மாறும். ஆகவே இழுத்தால் காரணம் இரண்டில் ஒன்று. என்ஜின், அல்லது வலது கால்.

மேலாளர் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். என்ஜினில் கோணல் இருந்தால் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கேப்டன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகட்டும். அந்த வயதில் அந்தப் பரிசோதனைக்குப் போய்த் தோற்றவர் யாரும் திரும்பிப் பறந்ததில்லை. நாற்பது வருஷப் பறப்பு தங்கையின் அளவுநாடாவில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் அளந்தோம். அளக்கிற முறை எளிது. விமானத்தை மட்டமாக நிறுத்தி, புரொப்பெல்லரைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். வாலின் நடுவில் இருக்கும் ஒரு ரிவெட்டில் நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். இடது பக்கம் நீட்டியிருக்கும் பிளேடின் நுனிவரை அக்கா அளப்பார். பிறகு புரொப்பெல்லரை அரைச்சுற்றுத் திருப்பி, அதே பிளேடு வலது பக்கம் வந்ததும் அங்கேயும் அளப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டரிலிருந்து அறுபத்தாறுக்குள் இருந்தால் என்ஜின் சரி. அதே பிளேடு என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒரு புரொப்பெல்லரின் இரண்டு பிளேடும் அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. ஒன்று மயிரிழை முன்னால் நிற்கும், ஒன்று பின்னால். இதை எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அக்கா.

அன்று இடது பக்கம் அளந்தார். எழுதினார். வலது பக்கம் போனார். புரொப்பெல்லரைத் திருப்பவில்லை. அங்கே இருந்த மற்ற பிளேடின் நுனியை அப்படியே அளந்து எழுதினார்.

நான் பார்த்தேன். வால் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்த எனக்கு அவர் கை, பிளேடு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. ரசமட்டத்துக்குத் தப்பு சொல்ல நான் யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கேப்டன் பறக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, அதுதான் நிஜம்.

"அம்பத்தாறு" என்றார் அக்கா.

இரண்டு மில்லி குறைவு. என்ஜின் போதுமான அளவுக்கு வலது பக்கம் பார்க்கவில்லை என்று அர்த்தம். திங்கள்கிழமை புது ரப்பர் போட்டு வாஷர் வைத்துச் சரிசெய்வதாக முடிவானது. கேப்டன் அலுவலகத்திலிருந்து ஓடாத குறையாக வந்தார். "பாத்தியா தகரம்? என் கால சந்தேகப்பட்டானுங்க" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா அந்த டீயைக் குடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். நான் போனபோது அளவுநாடாவை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு பிளேடில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. போய் வாலைப் பிடித்தேன். மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் திருப்பி. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது.

"நீ நேத்தே பாத்தேல்ல?" என்றார், நாடாவைச் சுருட்டாமலே.

"பாத்தேன்க்கா."

"நான் தெரிஞ்சுதான் திருப்பாம விட்டேன்னு நினைக்கிறியா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்றார். முப்பது வருஷத்தில் அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துபோயிருக்கும். ஐம்பத்தாறு என்று எழுதிய தாள் இருந்தது. திங்கள்கிழமை ஒரு வாஷர் ஏறியிருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டார்.

கேப்டன் சிரித்த முகத்தோடு வந்தார். ரப்பரை இன்றே மாற்றப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா நாடாவை அவர் கையில் கொடுத்து, "நீங்களே அளங்கண்ணே" என்றார். கேப்டன் அளந்தார். அக்கா புரொப்பெல்லரைத் திருப்பினார். மறுபடி அளந்தார். மனக்கணக்காகக் கழித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து அம்பத்தாறுன்னு சொன்ன?"

"நேத்து திருப்பாம அளந்துட்டேண்ணே. என் தப்பு."

"மூணு மில்லி. ஒரு கொசு அளவு கூட இல்ல."

"ஆமாண்ணே. அந்த மூணு மில்லியால எந்த விமானமும் இழுக்காது. நேத்து எழுதுனது சரியா இருந்திருந்தாலும் மேல உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

"அப்ப எது இழுக்குது?"

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். தான் சிமெண்டுத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவருடைய இரண்டு ஷூவின் அடியிலும் ஒவ்வொரு உள்ளங்கையை வைத்தார். இடது காலால் அழுத்தச் சொன்னார். அழுத்தினார். அக்காவின் கை முழங்கையோடு பின்னால் போனது.

"இப்ப வலது கால்ல அழுத்துங்க."

அக்காவின் கை அசையவில்லை.

"அழுத்துங்கண்ணே."

"அழுத்திட்டுதான் இருக்கேன்" என்றார் கேப்டன்.

அந்த இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாது. வாலைப் பிடித்தபடியே நின்றேன். அக்கா அவர் பாதத்திலிருந்து கையை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். "உன்னப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அக்கா பதிவேட்டில் இரண்டு அளவையும் எழுதினார். வெள்ளிக்கிழமை அளந்த முறை தவறு, தவறு என்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேப்டன் பரிசோதனைக்குப் போனார். முதுகெலும்பில் ஒரு நரம்பு நசுங்கி, கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அவருடைய உரிமம் திரும்பி வரவில்லை.

ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருந்துகொண்டு ஒன்றரை வருஷம் அவர் தங்கையிடம் பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். அண்ணிதான் இடையில் மாட்டிக்கொண்டு தவித்தார். வேறு வீடு பார்க்கலாமே என்று நான் சொன்னதற்கு, "அவரு போகச் சொல்லலையே" என்றார் அக்கா. பட்டறையில் அவர் வேலையில் எள்ளளவும் மாற்றம் இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். வெள்ளிக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால், அந்த ஒரு சாயங்காலச் சந்தோஷத்தைக் கொடுத்துப் பிடுங்கிய பாவம் அவருக்கு வந்திருக்காது. அதற்கு நான் இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்ற பயம்.

பிறகு கேப்டன் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அண்ணி அக்காவுக்குப் போன் செய்து, "அவரு உன்ன வரச் சொல்றாரு" என்றார். என் வண்டியில்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஜன்னலோரக் கட்டில். கேப்டன் பாதியாக இளைத்திருந்தார். அக்கா கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றார், நான் கதவோரம். கேப்டன் தங்கையைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாம் நம்பர் இப்பவும் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"நான் விட்டப்புறம் எத்தன பேரு ஓட்டியிருப்பாங்க?"

"பசங்களோட சேத்து முப்பது பேரு இருக்கும்."

"அதுல யாராவது ஒருத்தர், இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னாங்களா?"

சொன்னார்கள் என்று சொல்லுங்கள் அக்கா, என்று மனதுக்குள் கெஞ்சினேன். இங்கே பதிவேடு இல்லை, கையெழுத்து இல்லை, அந்த ஆள் இனி எழுந்து ஓடப்போவதும் இல்லை. ஒரே ஒருவர் சொன்னார் என்றால் போதும், அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

"இல்லண்ணே" என்றார் அக்கா. "ஒருத்தரும் சொல்லல."

கேப்டன் கண்களை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. நர்ஸ் வந்து மருந்துப் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனார். பிறகு அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.

"எவ்வளவு நேரம் நிப்ப, உக்காரு" என்றார்.

அக்கா உட்கார்ந்தார்.