அப்பாவின் உதாரண நோட்டு

அப்பாவின் நினைவு ஆராதனைக்கான நிகழ்ச்சித் தாளில் ஒன்பதாவது வரி: ‘மகள் – ஐந்து நிமிடம்.’ அந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள் மகள்.

நல்ல மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல மூன்று நாளா என்று கேட்பீர்கள். நீங்கள் போதகர் வீட்டில் வளர்ந்திருக்க மாட்டீர்கள், அதனால் கேட்கிறீர்கள்.

அவர் நல்லவர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அச்சகத்தில் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பது வயதில் வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு முப்பத்திநாலு வருஷம் அவருடைய சனிக்கிழமை ஒன்றுகூட அவருடையதாக இல்லை. வாலிபர் கூட்டம், வாலிபர் முகாம், வேலை இல்லாத பையன்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, தேர்வில் தோற்ற பெண்களின் வீட்டுக்குப் போய் அப்பன்காரனிடம் மல்லுக்கு நிற்பது. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்த ஒருவனைத் தோளில் சுமந்து வந்து மகளின் கட்டிலில் படுக்கவைத்தார். கட்டில் போன மகள் ஒரு வாரம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். அந்த வாரப் பிரசங்கத்தில் கட்டில் வந்தது, தையல் மெஷினும் வந்தது.

ஆமாம், எல்லாம் பிரசங்கத்தில் வரும். வெள்ளைச் சட்டையின் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். வீட்டில் அதற்கு உதாரண நோட்டு என்று பெயர். பிரசங்கத்துக்கு வாராவாரம் உதாரணம் வேண்டுமே, வானத்திலிருந்தா விழும்? சாப்பாட்டு மேசையிலிருந்துதான் விழுந்தது. ஏழு வயதில் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அது ‘மன்னிப்பு’ ஆனது. பன்னிரண்டு வயதில் சிநேகிதியை அறைந்தாள், அது ‘கோபம்’. கணக்கில் தோற்றது ‘விடாமுயற்சி’. இருநூறு தலைகள் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கும். அவள் காலடியில் தரையைப் பார்ப்பாள்.

“அப்பா, என்னைப் பத்தி அங்க பேசாதீங்க.”

“உன் பேரைச் சொல்லலையேம்மா. ‘ஒரு சின்னப் பொண்ணு’ன்னுதானே சொன்னேன்.”

போதகருக்கு எத்தனை சின்னப் பொண்ணு? பெற்றதே ஒன்றுதான்.

அம்மாவிடம் போய் அழுதால், “உனக்கென்னடி, என் கஞ்சத்தனத்தை வெச்சு மூணு பிரசங்கம் பண்ணிட்டார். போய் மூஞ்சியக் கழுவு” என்பாள்.

இருபது வயதில் மகள் ஒரு காரியம் செய்தாள். ஒருவனை நம்பி, துணிப்பையோடு காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் வரவில்லை. பத்தாகி, ஒன்றாகி, நாலாகியும் வரவில்லை. ஐந்து மணிக்கு அப்பா வந்தார். டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தவன் அவருடைய பழைய வாலிபர் கூட்டத்துப் பையன், போன் செய்துவிட்டான். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு டீ வாங்கினார். அவள் துணிப்பையை இரண்டு கையாலும் விடாமல் பிடித்திருந்ததால் கிளாஸைத் தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார்.

“அப்பா, இது மட்டும் நோட்டுல வேண்டாம்ப்பா.”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இந்தா, நீயே வெச்சுக்கோ. பிரசங்கத்துல இது வராது. உங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. போதுமா?”

அந்த நோட்டு இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் ஸ்டாண்ட் வரவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் வேண்டாம் என்றாள், அப்பா மேல் ஆயிரம் குறை சேர்த்துவைத்தாள். ஆனால் அத்தனை குறைக்கும் எதிரில் அந்த ஒரு சாயங்காலத்தை வைத்தால் தராசு நேராகிவிடும். ஊருக்கே அப்பாவாக இருந்த மனிதர் அன்றைக்கு அவளுக்கு மட்டும் அப்பாவாக இருந்தார். மூன்று நாள் கிழித்துக் கிழித்துக் கடைசியில் அதைத்தான் எழுதினாள்: ‘அப்பா என் ரகசியம் ஒன்றைக் காப்பாற்றினார். என்ன ரகசியம் என்று சொல்ல மாட்டேன்.’

அவளும் அவருக்கு ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், சாவதற்கு நாலு நாள் முன்னால், சபையார் கட்டிலைச் சுற்றி நின்று பாடி ஜெபித்துவிட்டுப் போன பிறகு, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “பயமா இருக்கும்மா. ஜெபம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா அங்க யாரும் இல்ல. சபைக்குத் தெரிய வேண்டாம், என்ன?” அவள் தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனைக்கு அரைமணி நேரம் இருந்தது. மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், இடுப்பில் குழந்தையோடு ஒரு நர்ஸ் வந்தாள். அப்பா நடத்திய வாலிபர் முகாமுக்கு முன்பு வந்துபோன பெண்.

“அக்கா, உங்களை ஒரு தடவை கட்டிப்பிடிச்சுக்கவா? நானும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினவதான். முகாம்ல ஐயா உங்க கதையைச் சொன்னாரு. அதைக் கேட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.”

“என்ன கதை?”

“அதான்க்கா, பஸ் ஸ்டாண்ட். கிளாஸைப் பிடிச்சுக்கிட்டே டீ குடிக்க வெச்சாராமே! ஒவ்வொரு முகாம்லயும் கடைசி நாள் அதுதான். எல்லாரும் அழுதுடுவோம். எங்க செட்டுல உங்களுக்குப் பேரே பஸ் ஸ்டாண்ட் அக்காதான்…” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா.”

எப்படித் தப்பாக எடுப்பது? எதிரில் ஒரு பெண் உயிரோடு, குழந்தையோடு நிற்கிறாள். மகள் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

பிரசங்கத்தில் வராது என்றார், வரவில்லை. முகாமில் எதையும் பிரசங்கம் என்று சொல்வதில்லையே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ‘பேசுவது’தானே! வருஷத்துக்கு ஒரு முகாம், ஒரு முகாமுக்கு எண்பது பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கண்ணாடிக் கடைக்கு வந்து அக்கா, அக்கா என்று குழையும்போது, அப்பா மேல் உள்ள மரியாதை என்று நினைத்து இவள் கண்ணாடி துடைக்கும் துணி இலவசமாக வேறு கொடுத்தாள். பைத்தியக்காரி!

ஒன்பதாவது வரி வந்தது. மைக்குக்கு முன்னால் நின்றாள். எழுதிய தாளை நாலாக மடித்தாள். முன் வரிசையில் அம்மா, அவளுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர்.

“எங்க அப்பாவுக்கு உதாரணம்னா ரொம்பப் பிடிக்கும். நானும் ஒண்ணு சொல்றேன்” என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொன்னாள். மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னாள். பயமாக இருக்கிறது என்றதை, ஜெபம் வரவில்லை என்றதை, கண்ணை மூடினால் யாரும் இல்லை என்றதை, ஒரு சொல் விடாமல் சொன்னாள். சபை அதிரட்டும் என்றுதான் சொன்னாள். அந்த வெள்ளைச் சட்டையில் ஒரு கறையாவது விழட்டும்.

சபை அதிரவில்லை. பின் வரிசையில் ஒரு பெரியவர் விம்மினார். “ஆமென்” என்றது ஒரு குரல். நர்ஸ் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். அப்பா எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத கண்ணீர் அவளுக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

அவள் இறங்கி வந்தபோது இளம் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். “அக்கா, என்னா சாட்சி! வர்ற முகாம்ல இதை நான் சொல்லலாமா? ஐயா பேரைச் சொல்ல மாட்டேன், ‘ஒரு ஊழியக்காரர்’னு…”

அவள் அவரைத் தாண்டிப் போய் அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டாரா?”

“கேட்டார்.”

“என்கிட்டயும் இதையே சொல்லிட்டு அப்படித்தான் கேட்டார்” என்றாள் அம்மா.

பாட்டுக்காக எல்லோரும் எழுந்தார்கள். அம்மாவும் எழுந்தாள். மகளால் எழுந்திருக்க முடியவில்லை.