ஞாயிறு பஸ்ஸில் வந்த அன்ரி

எங்கள் டோர்செட் பார்க் பகுதியில் ஞாயிறு காலைகளில் என்னோடு பஸ்ஸுக்கு நின்ற அந்த அன்ரியின் பெயரை நான் கேட்டதில்லை. முதியோர் இல்லமொன்றின் குசினியில் அவருக்குச் சமையல் வேலை. குட்டையான உருவம், மகன் போட்டுக் கழித்த பெரிய குளிர் ஜக்கெற். பஸ் வந்தால் ஒரு காலைப் படியிலும் மறுகாலை நிலத்திலும் வைத்துக்கொண்டு, தூரத்தில் ஓடி வருகிறவர்களுக்காக நிற்பார். டிரைவர் முணுமுணுத்தால், "வன் மினிட், மை சிஸ்டர் கம்மிங்" என்பார். ஓடி வருகிறவர் தாடிக்காரராக இருந்தாலும் அதே வசனம்தான்.

ஒருநாள் பஸ் தரிப்பிடக் கம்பத்தில் புது அறிவித்தல் ஒட்டியிருந்தது.

"தம்பி, நீ படிக்கிற பிள்ளை. உதில என்ன கிடக்கு?"

"அடுத்த மாதத்தில இருந்து ஞாயிறு பஸ் இல்லையாம், அன்ரி. வரி கூட்டாததால சிற்றி கவுன்சிலிட்ட காசு இல்லையாம்."

"அப்ப நான் வேலைக்கு எப்பிடிப் போறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேயர் எலெக்சனில வரி கூட்டமாட்டன் எண்டவருக்குத்தான் நான் வோட் போட்டனான். வீட்டு வரி கட்ட மகன் படுற பாடு எனக்கெல்லோ தெரியும்."

"உங்கட ஒரு வோட்டாலையோ உது நடந்தது?"

"நான் மட்டுமே? கோயிலுக்கு வந்த சனத்தையும் போடச் சொல்லிக் கெஞ்சினனான்." வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "உவையளுக்குச் சொல்லிப்போடாத, ராசா."

பஸ்ஸில் ஏறியதும், எப்போதும் பக்கத்தில் இருந்து கதைக்கும் பெண்ணை விட்டுவிட்டு, கடைசிச் சீட்டில் போய்த் தனியே இருந்தார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மகனின் கஷ்டத்தைப் பார்த்து வோட் போட்டவர், எங்களுக்கு முன்னால் ஏன் அப்படிக் கூனிக்குறுக வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.