செம்பவாங் அங்கிளும் லுத்தரன் கல்லூரியும்

போன மாதம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கைப்பேசியில் கலைவாணி. அமெரிக்காவிலிருந்து. "அக்கா, நான் படிச்ச காலேஜ மூடிட்டாங்க. கேம்பஸையே விக்கப் போறாங்களாம். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, ப்ளீஸ். நான் சொன்னா ஃபீல் பண்ணுவாரு." எங்கோ ஒரு கல்லூரி மூடியதற்குச் செம்பவாங்கில் இருக்கும் ஒரு வயதானவர் ஏன் வருந்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் முதல் வேலை லிட்டில் இந்தியாவில், ஒரு பூக்கடையின் மாடியில். லுத்தரன் சபை அமெரிக்காவில் நடத்திய கல்லூரிகளில் இங்கிருந்து பிள்ளைகளைச் சேர்த்துவிடும் சின்ன அலுவலகம். அந்தக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பின்னால் வரும் ஊர்ப்பெயர் மட்டும் மாறும். அண்ணன் தம்பிகளுக்கு ஒரே தலைப்பெழுத்து இருக்கிற மாதிரி. ஒன்றில் சேர்ந்தவர் ஒரு பருவம் இன்னொன்றில் போய்ப் படித்துவிட்டும் வரலாம். பெட்டி பெட்டியாகக் கையேடுகள் வந்து இறங்கும். பிரித்தால் புது அச்சு வாசனை; அதோடு கீழேயிருந்து மல்லிகை வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் மல்லிகையை முகர்ந்தால் எனக்கு அந்தக் கையேட்டுப் படங்களின் பனி மூடிய புல்வெளிதான் ஞாபகம் வருகிறது. அங்கே என்னென்ன உடுப்பு வேண்டும் என்று பெற்றோருக்கு விளக்குவதும் நான்தான். குளிரைப் பற்றிய என் அறிவோ, ஐஸைத் துருவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கோடு சரி.

கலைவாணிக்கு ஆசிரியையாக ஆசை. அதற்கு அந்தக் கல்லூரிகள் பேர்போனவை. அப்பாவோடு வந்தாள். அவர் செம்பவாங் கப்பல்பட்டறையில் வெல்டர். நெற்றி நிறையத் திருநீறு. கையேட்டைப் புரட்டியவர், கல்லூரி ஜெபக்கூடமான சேப்பலின் படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"தினமும் இதுக்குள்ள போகணுமா?"

"தினமும் காலையில ஜெபம் உண்டு. எல்லாரையும் கூப்பிடுவாங்க. கட்டாயம் இல்ல" என்றார் எங்கள் முதலாளி ஜோசப் சார்.

"எம் பொண்ணு மதம் மாறமாட்டான்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"நாங்க மாத்த மாட்டோம் சார். அவளா மாறமாட்டான்னு நான் எப்படிச் சொல்றது?"

வேறு எந்த ஏஜெண்டாக இருந்தாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார். ஜோசப் சாருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கலைவாணி அழுதுவிடுவாள் போல இருந்தாள். "அங்க என்னதான் பண்றாங்கன்னு நானே பாக்குறேன்" என்றார் அப்பா. அங்கே நடக்கும் அதே ஆராதனை முறைமை, அதே ராகம், மொழிதான் வேறு என்று சொல்லி, சார் அவரை எங்கள் தமிழ்ச் சபைக்கு அழைத்தார்.

அந்த ஞாயிறே திருநீற்றோடு வந்துவிட்டார். எங்கள் ஞானப்பாட்டுகள் பழைய ஜெர்மன் ராகத்தில் ஆடி அசைந்து வரும். சில வாரம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ரொம்ப இழுக்குறாங்க லா. இதைக் கேட்டு யாரும் மாறமாட்டாங்க. போகட்டும்."

கலைவாணி போனாள். அவர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய்விடுவார். ஞானஸ்நானம் எடுப்பார் என்று போதகர் ஐயா பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார், பாவம். கலைவாணியோ, விடுமுறையில் வந்தபோது, சேப்பல் பக்கமே போனதில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "அந்த நேரத்துலதான்கா நல்லா தூக்கம் வரும்." படித்து முடித்து அங்கேயே ஆசிரியையாகிவிட்டாள்.

போன மாதம் சபை வாசலில், ஆளுக்கொரு கோப்பை தே குடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தச் சேப்பலும் போச்சா?"

"எல்லாமேதான் அங்கிள்."

"அவ ஒரு நாள்கூட அதுக்குள்ள போயிருக்க மாட்டா. எனக்குத் தெரியும்மா. சரியான தூங்குமூஞ்சி."

தே எனக்குப் புரையேறியது. "அப்புறம் ஏன் அங்கிள் நீங்க வாராவாரம் வந்தீங்க?"

"அந்தக் காலேஜ்ல தினம் கூப்பிட்டாங்க, வராட்டியும் ஒண்ணும் சொல்லல. எம் பொண்ண நல்லா பாத்துக்கிட்டாங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வீட்டுலேர்ந்து ஒருத்தராச்சும் தலையைக் காட்ட மாட்டோமா? அது மாதிரிதான்."

ஜோசப் சார் காலமாகிவிட்டார். மாடியில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். கல்லூரிகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன என்கிறாள் கலைவாணி. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு அங்கிள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் காணோம் என்றதும் போன் போட்டேன்.

"நாங்க கூப்பிடுறோமே அங்கிள், வாங்களேன்."

"கோவிச்சுக்காதம்மா. என்னைக் கூப்பிட்ட எடத்தையே மூடிட்டாங்க. உங்க சர்ச்சுல எம் பொண்ணு படிக்கலியே" என்றார்.

 சரி அங்கிள் என்று வைத்துவிட்டேன்.