ஹட்டன் மழைக்குத் தப்பி உடப்புசல்லாவையில் இடம் தேடியது

ஹட்டனுக்குப் பக்கத்தில் நானும் ஸ்டெல்லா அக்காவும் சேர்ந்து ஒரு சிறிய தொழில் நடத்துகிறோம். கொழும்பிலிருந்து வருகிறவர்களைத் தேயிலை மலைகளுக்குள் நடக்கக் கூட்டிப்போவோம். இரவு கூடாரத்தில் தங்கவைத்துச் சமைத்துப் போடுவோம். நடை என் பொறுப்பு, அடுப்பும் கணக்கும் அக்கா பொறுப்பு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆட்களுக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தொழில் படுத்துவிடும். போன வருடம் அப்படித்தான் மூன்று மாதம் மூடிப்போட்டோம். திறந்தபோது சமையலுக்கு உதவியாக இருந்த செல்வி கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்திருந்தாள். அவள் திரும்பி வரவே இல்லை.

இந்த ஜூலையில் வெளியான மூன்று மாதப் பருவகால முன்னறிவிப்பைக் கைபேசியில் பார்த்தேன். மேற்குச் சரிவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக மழை பெய்யும் வாய்ப்பே அதிகம் என்று போட்டிருந்தது. ஆகஸ்டில் கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து இருபது பேர் வருவதாக இருந்தார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"வானிலைக்காரங்களே மழை கூடன்னு சொல்லிட்டாங்க ஜெயா. பேசாம மூடிட்டு, மழை விட்டதும் பாப்போம்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"மூடுனா வேலைக்கு இருக்கிற ரெண்டு பேரும் போயிருவாங்கக்கா. அப்புறம் யார வச்சுத் தெறக்கிறது?"

"அதுக்காக மழையில கூடாரம் போட முடியுமா?"

"மழையில போட வேணாம். மழை இல்லாத பக்கம் போவோம்."

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தென்மேற்கிலிருந்து வரும் மேகம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது பெரும்பாலும் வெறும் காற்றாகிவிடும். அதனால்தான் நாங்கள் நனைகிற மாதங்களில் கிழக்குச் சரிவிலுள்ள உடப்புசல்லாவையில் வெயில் அடிக்கிறது. டிசம்பர் வந்தால் கதை தலைகீழ். தேயிலைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. நாங்கள்தான் மேற்கில் மட்டும் கடை போட்டுவிட்டு மழையை வைதுகொண்டிருந்தோம். அக்கா அரை மனதோடு சம்மதித்தார். ஒரு கூடாரத்தையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம்.

ஹட்டனில் ஆறரை மணி பஸ். நுவரெலியாவுக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீற்றர், ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. ஜன்னல் ஷட்டர் சரியாக இறங்காததால் அக்காவின் வலது தோள் முழுக்க நனைந்தது. இந்த மாதங்களில் போகிறவர்கள் ஜன்னலோரத்துக்கு ஆசைப்படாதீர்கள். நானுஓயா வரையில் மழை, நுவரெலியாவில் தூறலும் புகை மாதிரி மூடுபனியும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறினோம். இது சுமார் முப்பத்தைந்து கிலோமீற்றர்தான், ஆனால் வளைவுக்கு வளைவு நின்று போவதால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கந்தப்பளையைத் தாண்டும்வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு ஒரு வளைவில் புகை விலகியது. இராகலைக்கு வந்தபோது ரோடு காய்ந்து கிடந்தது, தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்கு முன்னால் கொடி கொடியாகத் துணி உலர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் இரண்டு வாரமாக அடுப்புக்கு மேலேதான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

உடப்புசல்லாவையில் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் மூலம் மகேஸ்வரி அக்காவின் இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். டவுனிலிருந்து நான்கு கிலோமீற்றர், த்ரீவீல் ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கேட்டு ஐந்நூறுக்கு வந்தார்கள். மகேஸ்வரி அக்காவின் கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். இவர் இங்கே கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னால் விருந்தினருக்கென்று இரண்டு அறை, ஒரு பெரிய கூடம், அதற்கும் பின்னால் புல்வெளி. மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. எங்களைப் பார்த்ததும் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"இந்த மாசத்துல மழை எப்படிங்க?" என்று கேட்டேன்.

"மழையா? எப்பயாச்சும் பின்னேரத்துல ஒரு தூத்தல். நீங்க தாராளமா ஆளக் கூட்டிட்டு வாங்க."

புல்வெளியில் கூடாரத்தை விரித்தோம். இரண்டு முளை அடித்து மூன்றாவதற்குக் குனிந்தேன். கீழேயிருந்து வந்த காற்று கூடாரத்துக்குள் புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் ஒரு கயிற்றைப் பிடித்தபடி ஓட, ஸ்டெல்லா அக்கா மறு முனையில் தொங்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அது தேயிலைச் செடிகள் மேல் போய் விரிந்து படுத்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடாரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல்.

"மழை இல்லாத எடம்னு சொன்ன. காத்து இருக்குமான்னு கேட்டியா?" என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி.

கேட்கவில்லை. முன்னறிவிப்பில் மழை வரைபடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. கையில் அப்பிய மண்ணைக் கழுவப் போன அக்கா குழாயைத் திறந்தார். ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. கழிப்பறையிலும் அப்படியே. மகேஸ்வரி அக்கா ஓடிவந்து, "டேங்க் காலியாயிருச்சு போல, இப்ப நெறப்பிடலாம்" என்றார். ஆனால் நிரப்புவதற்கு அவர் குடத்தைத்தான் எடுத்தார். நான் வீட்டுக்குப் பின்னால் ஏறிப் பார்த்தேன். மேலே ஊற்றிலிருந்து வரும் கறுப்புக் குழாயின் வாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துங்க இப்படி?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "ஆடி பொறந்தா ஊத்து வத்திரும்ங்க. ஆவணி கடைசி வரைக்கும் இப்படித்தான். சொன்னா நீங்க திரும்பிப் போயிருவீங்கன்னு பயந்தேன். வருசத்துல இந்த ரெண்டு மாசந்தான் இந்தப் பக்கம் ஆளு வர்ற மாசம். அப்பப் பாத்துத் தண்ணி இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஸ்டெல்லா அக்கா சமையலறைப் படியில் உட்கார்ந்து பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கிளம்பும்வரை மூடுவோம் மூடுவோம் என்றவர் அவர்தான்.

"மகேஸ்வரி, இங்க வந்து உக்காருங்க. இன்னும் என்னென்ன இல்லன்னு இப்பவே சொல்லிருங்க. தெரிஞ்சா ஏதாச்சும் வழி பண்ணலாம். வந்தப்புறம் தெரிஞ்சா உங்களுக்கும் கெட்ட பேரு, எங்களுக்கும் கெட்ட பேரு."

மகேஸ்வரி அக்கா உட்கார்ந்தார். டவுனிலிருந்து பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவரலாம், ஆனால் கேட்ட அன்றே வராது. இருக்கிற தண்ணீர்த் தாங்கி பத்துப் பேருக்குத்தான் தாங்கும், இருபது பேருக்குப் போதாது. பகலில் காற்று பலமாக இருக்கும், இருட்டிய பிறகு கொஞ்சம் அடங்கும். கூடத்தில் பாய் விரித்தால் பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த ஸ்டெல்லா அக்கா கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கூடாரம் வேணாம். பத்துப் பத்துப் பேரா ரெண்டு தடவ. பவுசர் வந்து நின்னப்புறந்தான் ஹட்டன்லேர்ந்து சமையல் சாமான் ஏத்துறது. என்ன சொல்ற?"

நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். இருந்தாலும் கொழும்புக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. புல்வெளி ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று, குழுவை ஏற்பாடு செய்கிற நிரோஷனைக் கூப்பிட்டேன். இடம் மாறுவதையும் இரண்டு குழுவாகப் பிரிப்பதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மிஸ், அங்க மழை வராதுன்னு உறுதியா சொல்லுவீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"உறுதியா சொல்ல முடியாது சேர். மூணு மாசக் கணிப்ப வச்சு எந்தப் பக்கம் போறதுன்னுதான் முடிவெடுக்கலாம். எந்த நாள் மழைன்னு அதுல தெரியாது. நீங்க வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி திரும்பப் பாப்போம். மோசமா இருந்தா நாங்களே வேற தேதி தர்றோம், முன்பணம் அப்படியே இருக்கும்."

அவர், "சரி, பிரிச்சுப் போடுங்க. இப்படிச் சொன்னதே நல்லது" என்றார். நான் திரும்பியபோது ஸ்டெல்லா அக்கா ஏற்கனவே மகேஸ்வரி அக்காவிடம் தேங்காய் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் இரண்டு குழுவினரும் வந்து போனார்கள். முதல் குழுவுக்கு வெயிலும் காற்றும். தொப்பிகள் இரண்டு பறந்ததோடு சரி. இரண்டாவது குழுவை ஞாயிறு பின்னேரம் இடியோடு ஒரு மழை பிடித்து, கடைசி ஒரு மணி நேரம் தொப்பலாக நனைத்துவிட்டது. கூடத்தில் துணி மாற்றிக்கொண்டு சூடாக வடை சாப்பிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. அதே நேரம் ஹட்டனில் வீட்டில் இருந்த என் கணவர் படம் அனுப்பினார். பளீரென்று வெயில்.

அக்கா படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேசாம அங்கேயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே கொஞ்சம் சுருக்கென்றது.

இதே மாதிரிப் போகிறவர்களுக்கும், மலையை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நனையத் தயாராகப் போங்கள். வெயில் வேண்டுமென்றால் இராகலை, உடப்புசல்லாவை என்று கிழக்கே தள்ளிப் போங்கள். டிசம்பர், ஜனவரியில் கிழக்கே போகிறீர்கள் என்றால் குடை அவசியம். தங்கும் இடத்தில் மழையைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், முடிந்தால் குழாயைத் திறந்தும் பாருங்கள். கூடாரம் கொண்டுபோனால் நீளமான இரும்பு முளை வேண்டும், எங்களுடையது போதவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து திரும்பும் பஸ் பின்னேரத்துக்குப் பிறகு குறைந்துவிடும். பருவகால முன்னறிவிப்பு மாதா மாதம் மாறுகிறது; ஒரு தடவை பார்த்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அதை வைத்து இடத்தைத் தீர்மானியுங்கள், நாளைத் தீர்மானிக்கப் பக்கத்து நாட்களின் கணிப்பு இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் அடித்த வெயிலைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். ஹட்டனிலேயே இருந்திருந்தால் அந்த ஒரு நாள் நன்றாக அமைந்திருக்கும், உண்மைதான். ஆனால் அதை நம்பி யாரும் ஜூலையில் இருபது பேருக்கு வாக்குக் கொடுத்திருக்க முடியாது. அதே தகவலோடு என்னை மறுபடி அதே ஜூலையில் நிறுத்தினாலும் நான் கிழக்கேதான் போவேன். எங்களோடு வேலை செய்கிற இருவரும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அடுத்த வருடத்துக்கு மகேஸ்வரி அக்காவின் கூடத்தைப் பிடித்து வைத்திருப்பதும் நான் இல்லை, ஸ்டெல்லா அக்கா.