ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கண்டால் சின்ன வயதில் எனக்குப் பயம். அது மற்ற வண்டிகளைப்போல இருக்காது. நல்ல உயரம், முன்சக்கரத்துக்கு மேலே பறவையின் அலகு மாதிரி நீண்ட மட்கார்டு, வயிற்றுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க ஓர் இரும்புத் தகடு. பனிமலையிலும் பாலைவனத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்பார்கள். போர்ட் பிளேரில் இருந்த ஓர் அதிகாரி, மெயின்லேண்டுக்கு மாற்றலானபோது அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, தன் ஜீப்பை ஓட்டிய அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார்.

பெரார்கஞ்சில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்தது பாக்குத் தோட்டமும் வயலும்தான். பனியும் கிடையாது, பாலைவனமும் கிடையாது. ஆனாலும் நாளைக் காலையில் இமயமலைக்குக் கிளம்பப்போகிறவர்போல அப்பா அதை எந்நேரமும் தயாராக வைத்திருப்பார். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிட மாட்டார். நிறுத்தும்போது வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அந்த வகை வண்டியைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் தீவில் யாரும் இல்லாததால் செயினுக்கு எண்ணெய் போடுவது, பிரேக் கட்டை மாற்றுவது, இன்ஜின் ஆயில் மாற்றுவது எல்லாம் அவரேதான். வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்குத் தமிழும் இந்தியும் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. எனவே முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டி வாசிப்பது என் வேலை. எனக்குப் பாதி புரியாது. நான் வாசிக்கும் விதத்தில் அவருக்கு மீதிப் பாதியும் புரிந்திருக்காது. ஆனாலும் வேலை எப்படியோ நடந்துவிடும்.

நாங்கள் முதலில் கச்சால் தீவில் இருந்தவர்கள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் ஆட்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியிருந்தார்கள். சுனாமி வந்தபோது நான் கைக்குழந்தை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிக் காப்பாற்றினார் என்று சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். அதில் நான் இருக்கிறேன் அல்லவா. கதை தொடங்கியதும் அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். புகழ்ச்சி பிடிக்காத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இல்லை. கடல் தாண்டி ஹட்பேயில் சித்திக்குப் பிரசவம் ஆகி, உதவிக்குப் போயிருந்தாள். சாயங்காலக் கப்பலில் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வந்து இறங்குவாள். அவளை அழைத்துவரப் போவதற்குள் ஆயிலை மாற்றிவிடலாம் என்று மதியச் சோற்றுக்குப் பிறகு அப்பா வேலையை ஆரம்பித்தார். இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார். அடித்தகட்டைக் கழற்றினார். பழைய அலுமினியச் சட்டியை அடியில் வைத்து, ஸ்பேனரைப் போட்டு போல்ட்டைத் திருகினார். கறுப்பு ஆயில் கயிறுபோல இறங்கியது. சொட்டு நிற்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. பொறுத்திருந்தோம். புது ஆயில் கேன் மூடி திறந்தபடி படிமேல் இருந்தது, பக்கத்தில் போல்ட்டுக்குப் போடவேண்டிய புது வாஷர்.

முதலில் சத்தம்தான் வந்தது. கனமான லாரி ஒன்று மண்ணுக்கு அடியில் போவதுபோல. காற்றே இல்லாமல் பாக்கு மரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. அந்தக் காலத்தில் நிலம் அடிக்கடி ஆடும், நாங்களும் பழகியிருந்தோம். ஆனால் இது நிற்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. அப்பா ஒரு கையால் என்னை இழுத்துத் தன் பின்னால் தள்ளி, தோளைக் கொடுத்து வண்டியைத் தாங்கினார். அவர் கையிலிருந்த போல்ட் ஆயில் சட்டிக்குள் விழுந்தது. படிமேல் இருந்த கேன் கவிழ்ந்து, தேன் நிறத்தில் புது ஆயில் குபுகுபுவென்று மண்ணில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டம் நின்ற பிறகு நான் காக்கி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஓடிவந்தாள். டிவியில் சுனாமி எச்சரிக்கை சொல்கிறார்களாம். கரையோரத்தில் இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்கிறார்களாம். எங்களுக்கு ஒன்றும் ஆகாது, நாம் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறோம் என்றும் அவளே சொன்னாள். அப்பா ஜெட்டிக்கு போன் போட்டார். சித்திக்குப் போட்டார். எதுவும் போகவில்லை. காக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போவதானால் போ, பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று இந்தியில் சொன்னாள். அப்பா, வேண்டாம், என்னோடு இருக்கட்டும் என்றார். அவள் இரண்டாவது முறையும் சொன்னாள். அப்பா வண்டியிடம் திரும்பினார்.

சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அகப்படவில்லை. வண்டி வேலையில் அப்பா தடுமாறி நான் அதுவரை பார்த்ததில்லை. நிலம் ஆடியதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. போல்ட் அவர் விரலில் பட்டும் வழுக்கி வழுக்கிப் போனது.

“நீ கைய விடு புள்ள. சுடாது. மெதுவா தேடு.”

சுட்டது. ஆனால் தாங்கக்கூடிய சூடு. முழங்கைவரை கறுப்புக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். அடியில் ஏதோ ஒன்று விரலைக் கடித்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓரத்தில் அகப்பட்டது. புது வாஷர் எங்கே தெறித்ததென்று தெரியாததால் பழையதையே துடைத்துப் போட்டு முடுக்கினார். கேனில் மிஞ்சியிருந்த கொஞ்சம் புது ஆயிலை முதலில் ஊற்றினார். பிறகு அம்மாவின் பழைய வாயில் சேலையைக் கிழித்துப் புனலில் கட்டி, சற்றுமுன் இறக்கிய அதே பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றினார். அழுக்கு ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது என்று கையேட்டில் இருந்த வரியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அதை இப்போது சொல்ல எனக்குத் துணிவில்லை. அடித்தகட்டை மாட்டாமலே கிளம்பினோம்.

ரோட்டில் எல்லோரும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்பிலும் ஸ்கூட்டரிலும், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடலை விட்டு விலகி வந்தார்கள். நாங்கள் மட்டும் கடலைப் பார்த்துப் போனோம். சிலர் கையைக் காட்டித் திரும்பச் சொன்னார்கள். அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் முகத்தை வைத்திருந்தேன். என் கை பட்ட இடமெல்லாம் சட்டை கறுப்பானது. சிப்பிகாட் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். சுனாமியில் உள்ளே வந்த கடல் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்ட தாழ்வான இடம் அது. பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கும். அம்மாவின் கப்பலும் இப்படித்தான் எங்கோ தண்ணீருக்குள் நிற்கிறது என்று நினைத்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வழியில் ஒருமுறை நிறுத்திக் குனிந்து இன்ஜினுக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஏறினார். அதன் பிறகு நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தபடியே வந்தேன், எங்களுக்குப் பின்னால் கறுப்புக் கோடு விழுகிறதா என்று.

ஃபீனிக்ஸ் பேயில் கப்பலே இல்லை. எப்போதும் நாலைந்து கப்பலாவது நிற்கும் ஜெட்டி காலியாகக் கிடந்தது. கடைகளில் பூட்டு. வாசலில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, “பச்சி கோ லேகே ஊப்பர் ஜாவ்” என்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகச் சொல்லிக் கத்தினார். ஹட்பே கப்பல் எங்கே என்று அப்பா கேட்டார். எல்லாக் கப்பலையும் ஆழ்கடலுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், வருகிற கப்பலையும் வெளியே நிறுத்திவிட்டார்கள், ஆழத்தில் இருப்பதுதான் கப்பலுக்குப் பத்திரம் என்று அவர் விளக்கினார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. சுனாமி கடலிலிருந்துதான் வருகிறது. கடலுக்குள்ளேயே போய் நின்றால் எப்படிப் பத்திரம்? அப்பாவுக்கும் சமாதானமாகவில்லை போலிருக்கிறது. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு தெரிந்தது. அதில் பாசி படிந்த படி ஒன்றைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படி முழுதாக வெளியே வந்தது. பிறகு அதற்குக் கீழே இன்னொன்று.

“அப்பா, தண்ணி எறங்குது.”

அது வழக்கமான கடல் வற்றமாகவும் இருந்திருக்கலாம். அப்பா படியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அங்கே இருப்பது தெரிந்தவர்போல. அடுத்த கணம் என்னை அப்படியே தூக்கி வண்டியில் போட்டார். மேட்டு ரோட்டில் அந்த வண்டி அப்படி அலறி நான் கேட்டதில்லை. துறைமுகம் முழுதும் கீழே தெரிகிற ஓர் இடத்தில் வந்து நின்றோம். கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். சிலர் ஜெபம் செய்தார்கள், சிலர் அலைபேசியைக் காதில் வைத்தபடி கடலைப் பார்த்தார்கள். யாரோ எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். கறுப்புக் கையால் வாங்கிப் பிடித்துக்கொண்டேனே தவிர, தின்ன முடியவில்லை. அப்பா என் மணிக்கட்டை விடவே இல்லை. வலிக்கிறது என்று சொன்னேன். அப்போதும் விடவில்லை.

அலை வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். பொழுது சாயும் நேரத்தில் கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தன. ஹட்பே கப்பலும் வருவதைப் பார்த்து நாங்கள் ஜெட்டிக்கு இறங்கினோம்.

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். வெளியே வெகுநேரம் நிறுத்திவைத்ததில் வாந்தி எடுத்தாளாம். அதைத் தவிர அவளுக்கு ஒன்றுமில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள், அப்பாவின் சட்டையைப் பார்த்தாள், பிறகு அப்பாவிடம் கேட்டாள்:

“நீங்க ரெண்டு பேரும் பெரார்கஞ்சில இருப்பீங்கன்னுதான் நான் கப்பல்ல நிம்மதியா இருந்தேன். புள்ளைய இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

அப்பா, விட்டுவிட்டு வர முடியவில்லை என்று மட்டும் முணுமுணுத்தார்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“கச்சால்ல அன்னிக்கு நான்தாங்க ஓடச் சொன்னேன். என் கைய விட்டுட்டு இவளத் தூக்கிட்டு ஓடுங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க ஓடுனது தப்பில்ல. நான் ஒருநாளும் தப்புன்னு நெனச்சதில்ல.”

அப்பா வண்டியின் பக்கத்தில் போய்க் குந்தி, இன்ஜினுக்கு அடியில் தலையைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஆயில் ஒழுகுகிறதோ என்று நானும் போய் அவர் அருகே குந்தினேன். போல்ட் உலர்ந்துதான் இருந்தது. தரையிலும் ஒன்றுமில்லை. விரலை வைத்துத் தடவிப் பார்த்து, ஒண்ணும் ஒழுகலப்பா என்று அவருக்குச் சொன்னேன். அவர் தலையை எடுக்கவில்லை. முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. சரியாகப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன்.

அம்மா வந்து என் தோளைப் பிடித்து மெதுவாக எழுப்பினாள். அப்பா பார்த்து முடிக்கட்டும், நாம் கையைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று குழாயடிக்கு அழைத்துப் போனாள். நன்றாக இருக்கும் வண்டியை எதற்கு இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பசி வேறு.