பஞ்சர்க்காரரின் சோப்புத் தண்ணீர்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் சளிக்கு மாத்திரை சொல்லத் தெரியாது. கேட்டால், "நாங்க அந்த டாக்டர் இல்லப்பா" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அப்படியானால் எந்த டாக்டர் என்பதற்கு நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அரசாங்கம் ஆறு வருடமாகப் பணத்தை அள்ளிக் கொட்டியது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் வாயு எடுப்பது, அதைப் பெரிய இரும்பு உருளையில் அடைத்து வைத்து, வேண்டும்போது எரித்து மறுபடி மின்சாரமாக்குவது. இதுதான் திட்டம். ஆறு வருடத்தில் ஒரு பல்பு எரிந்தது. அதுவும் ஃபோட்டோ எடுக்கிற நேரம் வரைக்கும்தான். அந்தப் பல்பை மாட்டியவன் நான். நான் அங்கே எலக்ட்ரீஷியன்.

என் அக்காவின் கணவர் அதே நிலையத்தில் வாயு ஃபிட்டர். எனக்கு மச்சான். நாங்கள் இருவரும் பதினொரு வருடமாகத் தற்காலிகம். வருடா வருடம் ஒரு காகிதத்தில் எங்கள் ஆயுளை நீட்டுவார்கள். டாக்டர்கள் மச்சானை 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தவர். மச்சான் அந்தக் கடையில் வளர்ந்தவர். அதை ஒருநாள் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ரோஷம் என்பது கிள்ளிப் பார்த்தாலும் கிடையாது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அக்கா சொல்வாள், நானும் சொல்வேன்.

வேலையில் அவருக்கு இரண்டு ஆயுதம். ஒன்று, சோப்புத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில். குழாய் மூட்டுகளில் பீய்ச்சிவிட்டு, மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். வாயு கசிந்தால் நுரை கிளம்பும். இன்னொன்று துடைப்பம். ஹைட்ரஜன் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார். அதன் நுனி பற்றினால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். கோடிக்கணக்கில் கருவி வாங்கிப் போட்ட இடத்தில் ஒரு ஆள் துடைப்பத்தோடு உலாத்துவது டாக்டர்களுக்கு அவமானமாக இருந்தது. விருந்தாளி வந்தால் அவரைப் பின்பக்கம் போகச் சொல்வார்கள். விருந்தாளிகள் அவரைப் பெருக்குகிறவர் என்று நினைத்துக் குப்பையை அவர் கையிலேயே கொடுத்ததும் உண்டு. வாங்கிக்கொள்வார்.

கதை அலாரத்தில் தொடங்கியது. உருளை அறையின் கூரையில் வாயுவை மோப்பம் பிடிக்கிற டிடெக்டர் ஒன்று இருந்தது. கடல் கடந்து வந்த சரக்கு. துளி வாயு கசிந்தாலும் ஊளையிடும். ஒரு மத்தியானம் ஊளையிட்டது. இருபத்தாறு டாக்டர்களும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். மறுநாளும் அடித்தது, நடந்து போனார்கள். நாலாம் நாள் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் திட்டத் தலைவர் கூட்டம் போட்டார். முழுக்கைச் சட்டையும் அரைகுறை மூளையுமான ஆள். இரண்டு மணி நேரம் பேசி முடிவுக்கு வந்தார்கள்: கசிவு இல்லை, டிடெக்டர்தான் கெட்டுப்போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அத்தோடு விட்டார்களா? டிடெக்டர் ஏன் பொய்யாக அடிக்கிறது என்று ஆராய மூன்று பேர் குழு. அந்தக் குழு எழுதியது ஒரு கட்டுரை. ஈரக்காற்று பட்டால் டிடெக்டருக்குப் புத்தி கெட்டுப்போகும் என்று படம் போட்டு, கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அதை வெளிநாட்டில் வாசிக்கத் தலைவர் விமானம் ஏறினார். கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பினார். உலகத்தில் வீடு புகையும்போது மூக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற கூட்டம் இது ஒன்றுதான். அதற்கப்புறம் டிடெக்டர் சொல்வது உண்மையாக இருந்துவிடக் கூடாது. இருந்தால் கட்டுரை பொய்யாகிவிடும், தலைவருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் போய்விடும்.

விமானம் ஏறுவதற்கு முன் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அலாரம் வயரைக் கழற்றச் சொன்னார். மச்சான் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், அந்த வயர்லதான் தானா மூடுற வால்வும் இருக்கு. அதைக் கழட்டினா, கசிஞ்சாலும் வாயு தானா நிக்காது. ஆள் உள்ள போய்க் கையாலதான் மூடணும்."

"தற்காலிகமாத்தான் பஞ்சர். உங்களைப் பதினோரு வருஷம் தற்காலிகமா வச்சிருக்கோம், என்ன கெட்டுப்போச்சு?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வயரைக் கழற்றினேன்.

மச்சான் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். உருளைக்குப் போகிற குழாயில் நான்கு வால்வுகள். மூன்றாவது வால்வின் கழுத்தில் நுரை வந்தது. பொட்டு பொட்டாக, குழந்தை எச்சில் விடுவது போல. தலைவரைக் கையோடு கூட்டிவந்து காட்டினார். தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"சோப்புன்னா நுரை வரத்தான்யா செய்யும்."

மூன்று பட்டம் வாங்கிய வாய் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மச்சானுக்கு எதிர்த்துப் பேச வராது. அதற்குப் பதிலாக அன்றாடப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். 'மூன்றாம் வால்வு. நுரை வருகிறது.' மறுநாளும் அதே வரி. இப்படி நாற்பத்தொரு நாள். செவிடன் காதில் சங்கு ஊதுவதைக்கூட ஒழுங்காகத் தேதி போட்டு ஊதுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரத்தில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. திட்டத்துக்கு அடுத்த கட்டப் பணம் தரலாமா என்று பார்க்க அரசாங்கம் ஏழு பேர் குழுவை அனுப்புகிறது. அன்றைக்கு உருளையை முதல்முறையாக முழு அழுத்தத்துக்கு நிரப்பிக் காட்ட வேண்டும். அதுவரை கால்வாசிக்கு மேல் நிரப்பியதே இல்லை. இரண்டாவது செய்தி, தற்காலிக ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். பட்டியலில் மச்சான் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர். உருளையை நிரப்புவதற்கு முன் 'கசிவு இல்லை' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மச்சான்.

மச்சான் போடமாட்டேன் என்றார்.

அக்கா வீட்டில் அழுது பார்த்தாள். பாத்திரத்தை உருட்டினாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். "நீயாவது எடுத்துச் சொல்லேன்டா. பதினோரு வருஷம் நாயா உழைச்சது ஒரு கையெழுத்துல போகணுமா?"

போய்ச் சொன்னேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து அவருடைய பழைய சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஊரே போடச் சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் அரிச்சந்திரனா?"

"கசியுது மாப்ளே."

"கசியட்டுமே. அலாரம் அடிச்ச நாள்லேர்ந்து கசியுது. என்ன ஆச்சு?"

"இப்ப கால் அழுத்தம். முழுசா ஏத்தினா கழுத்து தாங்காது. அந்த வால்வை மாத்த ஒரே ஒரு நாள் போதும். நானே மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டேன். மாத்தினா கசிவை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

"அப்ப அக்காவைப் பத்தி யோசிக்க மாட்டீங்க?"

அவர் செயினைச் சுற்றிப் பார்த்தார். "உங்க அக்காவோட தம்பியும்தானே அந்தக் கட்டடத்துல வேலை செய்யுது" என்றார். எனக்கு அப்போது அது உளறலாகப் பட்டது. துடைப்பமும் சோப்புத் தண்ணீருமாக இருந்தால் புத்தி இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

குழு வந்த அன்று காலையில் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். படிவம் மேஜையில் இருந்தது.

"உங்க மச்சான் வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும். யார் போட்டாங்கங்கிறது எனக்குத் தேவையில்ல. கட்டம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பட்டியல்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல, தெரியுமில்ல?"

அதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்காத விஷயத்துக்கு அவர் பொறுப்பில்லை அல்லவா? மச்சானுடைய கையெழுத்து எனக்குத் தண்ணிபட்ட பாடு. பதினொரு வருடமாக அவர் வராத நாட்களில் வருகைப் பதிவேட்டில் நான்தான் போடுவேன், நான் வராதபோது அவர் போடுவார். போட்டேன். அக்காவுக்காகப் போட்டேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பச்சைப் பொய். பட்டியலில் என் பெயரும் இருந்தது, அதற்காகப் போட்டேன்.

மச்சான் வந்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தான் கையெழுத்துப் போடாதவரை நிரப்ப மாட்டார்கள் என்று நம்பி நிதானமாக வந்தவர், சத்தம் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அதே நேரத்தில் தலைவர் அந்த ஏழு பேரையும் உருளை அறைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். மச்சான் வாசலில் கையை விரித்து அவர்களை மறித்தார். பிறகு துடைப்பத்தை உள்ளே நீட்டினார். மூன்றாம் வால்வுக்கு ஒரு முழம் முன்னால் துடைப்பத்தின் நுனி பற்றி எரிந்தது. நெருப்பே தெரியவில்லை. துடைப்பம் மட்டும் எரிந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். பதினொரு வருடத்தில் அவர் அந்த டாக்டர்களுக்கு இட்ட ஒரே உத்தரவு அதுதான்.

தானாக மூட வேண்டிய வால்வு மூடவில்லை. அதன் வயர் என் பெட்டியில் சுருண்டு கிடந்தது. மச்சான் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், முதல் வால்வைக் கையால் மூடினார். அதைத் திருகி முடிக்கிற வரைக்கும் அவருடைய வலது கை, மூன்றாம் வால்விலிருந்து பீறிட்ட, கண்ணுக்குத் தெரியாத அந்த நெருப்பில் இருந்தது. வெளியே தலைவர் அந்த ஏழு பேரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? "இது ஒரு பாதுகாப்பு ஒத்திகை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெந்த கையை மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. கட்டு அவிழ்வதற்குள் விசாரணை வைத்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அலாரம் வயரைப் பற்றிச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வயர் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டது என்று தலைவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். மச்சான் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நாற்பத்தொரு நாள் எழுதியிருக்கிறேனே, இது போதாதா என்று நம்பி வந்திருந்தார்.

விசாரணை அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். பிறகு படிவத்தை எடுத்து மச்சான் முன்னால் வைத்தார்.

"கசிவு இருக்குன்னு நாப்பத்தோரு நாள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

மச்சான் படிவத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருடைய கையெழுத்தைப் போடத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரியும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார். என்னுதுதான்" என்றார்.

அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். தலைவர் பதவி உயர்ந்து போனார். போவதற்கு முன், கண்ணுக்குத் தெரியாத நெருப்பைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார் என்று கேள்வி. துடைப்பத்துக்கு அதில் ஒரு அடிக்குறிப்பாவது கொடுத்தாரோ என்னவோ. பட்டியலில் மச்சான் பெயரை அடித்தார்கள். என் பெயர் இருந்தது. நான் நிரந்தரமானேன்.

மச்சான் இப்போது அப்பாவின் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி இடது கையால் பிடித்துக்கொள்வார். நுரை வருகிற இடத்தை அக்கா சாக்பீஸால் குறிப்பாள். போன வாரம் போயிருந்தேன். அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

"நாப்பத்தோரு நாள் கசியுதுன்னு எழுதி, யார் சொல்லியும் கேக்காம முரண்டு பிடிச்சாரு. சரி, மானஸ்தன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். கடைசில யாருக்கும் தெரியாம போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்காரு பாரு. வேலையும் போச்சு, விரலும் போச்சு, பேரும் போச்சு. இந்த மனுஷனை நினைச்சாலே எனக்கு அருவருப்பா இருக்குடா."

மச்சான் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ட்யூபைத் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட இருக்கிற நேர்மைல கால்வாசி இவருக்கு இருந்திருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.